ஐஸ் குச்சிப் பெட்டி

மாதர் சங்கத்தில் எங்களுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்த டீச்சர் அன்று என்னைக் கேலி செய்தாரா, மெய்யாகத்தான் சொன்னாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. திறந்து கிடப்பது எதுவானாலும், அடுத்தவர் வீட்டு உப்பு ஜாடியானாலும், பேசிக்கொண்டே மூடிவிடுவார். ஐஸ் குச்சிகளைக் கோந்து தடவி அடுக்கி, மூடியோடு பெட்டி செய்யச் சொன்னார். குச்சி சேர்க்க ஐஸ் தின்று ஊர்ப் பிள்ளைகளெல்லாம் இருமினார்கள்.

என் பெட்டியைப் பார்க்க டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் ஐந்து வயது மகள் தான் பொறுக்கிச் சேர்த்த மஞ்சாடி மரத்துச் சிவப்பு முத்துகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ மக்ளே, உள்ள ஒண்ணும் வெச்சிராத. பாரம் தாங்காது" என்று டீச்சர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் மூடி எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு வாறவங்களுக்குத் தெரியப்பிடாதுல்லா!"

அவர் சிரிக்கவே இல்லை.

டீச்சர் சொன்னதை மீறவும் பயம். பெட்டி உடையாதிருக்க, அதைப் பெரிய ஓலைப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். மகளின் முத்துகள் தேங்காய்ச் சிரட்டையில் கிடக்கின்றன. "பெட்டிய எனக்கு எப்பம் தருவ?" என்று தினமும் கேட்டு அழுகிறாள். கொடுத்துவிடலாமா? அனுபவமுள்ள தாய்மார்கள் யாராவது ஒரு வார்த்தை எழுதுங்களேன்.