நீல ஃபைல், சிவப்பு ஃபைல், மோசஸ்

ஆரம்பாக்கம் மோசஸ் இன்று காலை இறந்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் உருக்காலையில் ஃபர்னஸ் ஆபரேட்டராக இருந்தவர். நான் அங்கே குவாலிட்டி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய நண்பர்களுக்கு இருவரையும் தெரியும்.

கன்னத்தில் புற்றுநோய் என்று முதலில் சொன்னார்கள். முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்தபோது பெருங்குடலிலும் ஒரு கட்டி. வாயிலிருந்து பரவியது என்றுதான் நான் நினைத்தேன்... சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, இது அது இல்லை, தனியாக இன்னொரு புற்றுநோய் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மோசஸ், "இன்னா சார் இது... ரிட்டயர் ஆனவனுக்கு டபுள் டூட்டி போட்டுட்டாங்கோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு பிரிவு டாக்டர்களும் கூடிப் பேசினார்கள். முதலில் வாய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும். அது முடிந்த பிறகு குடலில் ஆபரேஷன். ஒன்று தள்ளிப்போனால் மற்றதும் தள்ளிப்போகும்.

எனக்குத் தெரிந்தது காகிதங்களை அடுக்கி வைப்பது மட்டும்தான். வாய்க்கு நீல ஃபைல், குடலுக்குச் சிவப்பு ஃபைல். தேதி வாரியாக, முதல் பக்கத்தில் பட்டியலோடு. ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய் நீலம், வெள்ளி சிவப்பு; நானும் கூடவே போவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். தனியாகக் கிளம்பியவர் போனில் கேட்டார். "ரெண்டையும் எட்த்துக்கினு போவட்டுமா சார்?"

"வேணாம் மோசஸ், கொழம்பிடும். நீலம் போதும்."

போதவில்லை... சிறுநீரகம் மருந்தைத் தாங்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவை வெள்ளிக்கிழமை வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமைக் காகிதம் என்று நான் அதைச் சிவப்பு ஃபைலில் சேர்த்திருந்தேன்; அது வீட்டில் இருந்தது. அதைப் பார்க்காமல் மருந்து ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆபரேஷனும் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரத்துக்குள்தான் குடல் அடைத்துக்கொண்டது. அவசர ஆபரேஷன்... அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்று ஆரம்பாக்கம் போனேன். இரண்டு ஃபைலும் ஒரே அரிசிப் பையில், ஆணியில் தொங்கின. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு மோசஸ் அப்படித்தான் கொண்டுவந்தார். ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் மனைவி எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க எவ்ளோ கரெக்டா அடுக்கிக் குட்தீங்க சார்... இந்த மனுசன்தான் அன்னிக்கி ரிப்போர்ட்ட ஊட்லயே மறந்துட்டுப் பூட்டாரு. அவரே சொன்னாரு, தப்பு எம்மேலதான்னு. அதுக்கு எத்தினி நாளு திட்டிக்கினு இருந்தேன் தெரியுமா சார்..."

வாயைத் திறந்தேன். யாரோ நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்தர் முகநூல் பார்ப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதத் துணிகிறேனோ என்னவோ.

நாளை மதியம் அடக்கம். அதற்குள் எஸ்தரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்டார் அம்மா, நான்தான் வேண்டாம் என்றேன்...

பழைய ஷிஃப்ட் ஆட்கள் யாராவது படித்தால், சீக்கிரமே வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். தனியாகப் போனால் நான் மறுபடியும் உட்கார்ந்துவிடுவேன்.

போய் வாருங்கள் மோசஸ். நீங்கள் எதையும் மறக்கவில்லை.