காதுக்குப் பின்னால் ஒரு துளி

அவளை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் எனக்கு டிகிரி அக்கா. இது பாசத்தில் வைத்த பெயர் இல்லை. அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் அவள் சேர்ந்த முதல் நாள், விண்ணப்பத்தைப் படித்துவிட்டு எங்கள் பயிற்சியாளர் மேடம் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அடேயப்பா, டிகிரி முடிச்சவங்க புருவம் திருத்த வந்திருக்காங்க!"

பதினைந்து பெண்கள் சிரித்தோம். நானும்தான். அவள் மட்டும் முகம் மாறாமல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். "அதுக்கு முன்னாடி அதைத் திருத்திடலாமா மேடம்?"

பலகையில் பொன்னிற எழுத்தில் 'சர்வதேசத் தறம்' என்று இருந்தது. ஆறு மாதமாக அதன் கீழே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருத்தி கண்ணிலும் அது படவில்லை. மேடம் கண்ணில் அன்றைக்குத்தான் பட்டது. அன்றிலிருந்து அக்கா அவருக்கு ஆகாதவள் ஆகிவிட்டாள்.

கல்லூரியை முடித்துவிட்டு அவள் அங்கே வந்து சேர்ந்த கதையைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அம்மா ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். பள்ளி முடிவு வந்த வாரம், அவளை என்ன செய்வது என்று முடிவெடுக்க வீட்டில் கூட்டம் கூடியது. தலைமை, அம்மாவின் அண்ணன். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. நாளுக்கு இரண்டு கடிதத்துக்கு மேல் எழுதாதவர், ஆனால் உலகத்தில் எந்த விஷயத்தைப் பற்றியும் கருத்து இல்லாமல் இருக்க மாட்டார்.

அப்பாவுக்குக் கல்லூரி. "பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து வேணும். என் பேருக்குப் பின்னாடி கிரீஸ் கறைதான் இருக்கு."

அம்மாவுக்கு அழகுக்கலை. "எழுத்தை வச்சு என்ன பண்றது? ஒரு வருஷத்துல கையில ஒரு தொழில் வந்துடும். யார்கிட்டயும் போய் நிக்க வேணாம்."

"என்னம்மா பேசற?" என்று மாமா குறுக்கே பாய்ந்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு கண்டவ காலைப் பிடிச்சு நகம் வெட்டணுமா?" மேலதிகாரிகளின் காலைப் பிடித்தே இரண்டு பதவி உயர்வு வாங்கியவர் கேட்ட கேள்வி இது.

அவள் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள். "ரெண்டு இடத்துலயும் என்ன சொல்லித் தருவாங்க?"

அரை மணி நேரமாகத் தொண்டை வறளக் கத்திய மூன்று பேருக்கும் அது தெரியாது. "அதெல்லாம் போனா தெரியும்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

அதனால் அவளே போய்ப் பார்த்தாள். ஒரே நாளில் இரண்டையும். கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் எங்கே என்று கேட்டாள். காட்டினார்கள். கதவில் பூட்டு தொங்கியது, பூட்டில் துரு. அழகுக்கலை நிலையத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் தலைகள். ஒரு தலைக்கு மூக்கு உடைந்திருந்தது, அதற்கும் முகப்பூச்சு போட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, "ரெண்டும் ஒண்ணுதான்பா. அங்க பூட்டு, இங்க பொம்மை" என்றாள். அப்பாவின் முகம் தொங்கிப் போனதைப் பார்த்ததும், "சரி, பூட்டுக்கே போறேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் கல்லூரிக்குப் போன லட்சியம் அவ்வளவுதான்.

மூன்று வருடம் வேதியியல். அந்தப் பூட்டை மூன்று வருடத்தில் நாலு தடவை திறந்தார்களாம், அதில் இரண்டு தடவை வெள்ளையடிக்க. முந்தைய வருட மாணவர்களின் நோட்டிலிருந்து சோதனை முடிவுகளை அப்படியே பார்த்து எழுத வேண்டும். நீலம் சிவப்பாக மாறியது என்று எழுதுவார்கள். நீலத்தையும் பார்த்ததில்லை, சிவப்பையும் பார்த்ததில்லை. பேராசிரியர் இருபது வருடப் பழைய குறிப்பைப் படிப்பார், அன்றைக்கு இருமல் வந்த இடத்தில் இன்றைக்கும் தவறாமல் இருமுவார். அக்கா உட்கார்ந்த கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய எச்சரிக்கை அட்டவணை ஒட்டியிருந்தது. எந்த ரசாயனம் தோலில் பட்டால் என்ன ஆகும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும், எதை எதோடு கலக்கக் கூடாது என்று பொடி எழுத்தில். பாடம் தாங்காமல் அதைப் படிக்க ஆரம்பித்தாள். மூன்று வருடத்தில் அது மனப்பாடம்.

"நான் கல்லூரியில படிச்சது அந்தச் சுவரை மட்டும்தான்" என்பாள்.

டிகிரி வந்தது. வேலை வரவில்லை. ஒரு வருடம் அலைந்தாள். ஒரு சோப்புக் கம்பெனியில் நேர்காணல் எடுத்தவர் கடைசியாக, "டீ போடத் தெரியுமா?" என்று கேட்டாராம். விளையாட்டுக்குக் கேட்டேன் என்று அப்புறம் சொன்னாராம். மாமா வீட்டுக்கு வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "கையில ஒரு தொழில் இருந்தா இந்த நிலைமை வருமா? நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போது சொன்னது அதற்கு நேர் எதிர். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. குமாஸ்தாவோடு வாதாடினால் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்.

அப்படித்தான் எங்கள் நிலையத்துக்கு வந்தாள். நான் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டு வந்தவள். எனக்குக் கல்லூரியா, பயிற்சியா என்ற குழப்பமெல்லாம் வரவே இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் மேடம் எதையும் புரியாத வார்த்தையில்தான் சொல்லுவார். தோல் மூச்சு விடுகிறது, முடி பேசுகிறது, நகம் மனசைக் காட்டுகிறது. முடிச்சாயம் சொல்லிக் கொடுக்கும் நாளில் பொம்மைத் தலை போதாது என்று என்னை உட்கார வைத்தார். அது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை போட்டபோது காது ஓரத்தில் லேசாக அரித்தது. சொன்னால் அடுத்த தடவை வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை. என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

மேடம் பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அக்கா எழுந்து போய் அதை எடுத்து விரித்தாள்.

"மேடம், இதுல காதுக்குப் பின்னால ஒரு துளி வச்சு ரெண்டு நாள் பார்க்கணும்னு போட்டிருக்கு. அரிச்சாலோ சிவந்தாலோ போடவே கூடாதாம்."

"அந்தத் தாளை யாரும்மா படிப்பாங்க? பெட்டிக்குள்ள பாட்டில் ஆடாம இருக்க வைக்கிற தாள் அது."

எல்லோரும் சிரித்தோம். மேடம் என் தலையில் சாயத்தைத் தடவத் தடவ நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் எனக்குக் கண் திறக்கவில்லை. நெற்றி வீங்கி இமைமேல் இறங்கியிருந்தது. உதடு யாரோ ஊதிவிட்ட மாதிரி. என் அம்மா அலறிக்கொண்டு நிலையத்துக்குப் போன் செய்தால் மேடம், "உங்க பொண்ணுக்குச் சூட்டு உடம்பு, தலைக்குக் குளிக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா வகுப்பைவிட்டுக் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கசங்கிய அந்தத் தாள் அவள் பையில் இருந்தது. டாக்டர் அதை வாங்கிப் படித்தார். "இதை யார் கொண்டு வந்தது?" என்றார். நான் அக்காவைக் காட்டினேன். "நல்லவேளை. மூச்சுக்குழாய் வீங்கறதுக்குள்ள வந்துட்டீங்க."

நாலு நாள் படுக்கை. ஐந்தாம் நாள் அக்கா நிலையத்து முதலாளியிடம் போய், இனிமேல் எல்லோருக்கும் துளி வைத்துப் பார்த்த பிறகுதான் சாயம் போட வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். மறுநாளே அவளுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்! பயிற்சி முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. 'மிகச் சிறப்பாகத் தேர்ச்சி' என்று போட்டு, சட்டம் மாட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நான் அவளைவிட்டுப் போகவில்லை. அவள் சேர்ந்த பார்லரிலேயே நானும் பயிற்சி முடித்துச் சேர்ந்தேன். முதலாளி நல்ல மனிதர், கோபம் வராதவரை. அக்கா முதல் வேலையாக, சாயம் போட வந்த புது ஆட்களின் காதுக்குப் பின்னால் பஞ்சில் ஒரு துளி தொட்டு வைத்து, "நாளன்னைக்கு வாங்க" என்று அனுப்ப ஆரம்பித்தாள். பாதிப் பேர் நாளன்னைக்கு வரவில்லை. எதிர்க் கடைக்குப் போய் அன்றைக்கே கருப்பாகி, எங்கள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார்கள்.

முதலாளி தலையில் கை வைத்தார். "ஏம்மா, வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதுக்கா நான் ஏசி போட்டு வச்சிருக்கேன்?"

"வீங்கின மூஞ்சியோட திரும்பி வந்தா ஏசி என்ன சார் பண்ணும்?"

ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். கண்ணாடி, கைப்பை, நிமிர்ந்த கழுத்து. அக்கா பஞ்சை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். "நான் யாருன்னு தெரியுமா? இருபது வருஷமா காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறேன்."

"நீங்க எடுங்க மேடம். நான் ஒரு துளி வைக்கிறேன்."

அவர் முகம் சிவந்து, எதிர்க் கடைக்குப் போனார். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. முடி கருகருவென்று மின்ன, தினமும் எங்கள் கடை வழியாகத்தான் கல்லூரிக்குப் போனார். நான் வயிறெரிந்து, "ஒரு சின்ன அரிப்பாவது வரக் கூடாதாக்கா?" என்றேன்.

"நூறு பேர்ல ஒருத்தருக்கு வரும். அந்த ஒருத்தர் யாருன்னு நெத்தியில ஒட்டியிருக்கா? ஒட்டியிருந்தா உன்னை அன்னைக்கே பிடிச்சிருப்பேனே."

கடைசியில் முதலாளி அவளைச் சாயப் பக்கமே போகக் கூடாது, புருவம் மட்டும் பார்த்தால் போதும் என்றார். அவள் அன்று சாயங்காலமே சீப்புகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வெளியே வந்தாள். நானும் பின்னாலேயே வந்தேன். டயர் கடைக்கு மேல்மாடியில் இரண்டு நாற்காலி போட்டு நாங்களே ஆரம்பித்தோம். மாடிப்படி குறுகல், ரப்பர் நாற்றம், கீழே நாள் முழுக்கக் காற்று அடிக்கிற சத்தம். முதல் வருடம் ஈ ஓட்டினோம். தோல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார், பிறகு அவர் தோழிகள், பிறகு அங்கே வைத்தியம் பார்த்து, இனி எந்தப் பார்லரையும் நம்ப மாட்டோம் என்றிருந்தவர்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. நாற்காலி காலியாகவும் இருப்பதில்லை.

அவள் அப்பா இப்போது யார் கேட்டாலும், "என் பொண்ணு கெமிக்கல் லைன்ல இருக்கா" என்கிறார். அம்மா, "சொந்தமா தொழில் பண்றா" என்கிறார். இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்கள். பெற்ற பெண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற சண்டை அந்த வீட்டில் இன்னும் ஓயவில்லை.

பெண்களை அழைத்துக்கொண்டு தாய்மார் மாடியேறி வருவதும் உண்டு. "காலேஜா, இந்த மாதிரி கோர்ஸா, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க சேர்த்தாலும் பாதி நாள் சும்மாதான் உட்காருவா. உட்கார்ந்த இடத்துல கண்ணைத் திறந்து வச்சிருப்பாளா, அதைப் பாருங்க" என்பாள். இதற்காகவா மூச்சு வாங்கப் படியேறினோம் என்கிற முகத்தோடு அவர்கள் இறங்கிப் போவார்கள்.

முப்பதாவது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஒரு வாடிக்கையாளர் புது க்ரீம் ஒன்றைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் வழக்கம்போல, "அக்கா வரட்டும்" என்றேன். பதின்மூன்று வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கு உறைத்தது. தபால் வழியில் வேதியியல் பட்டத்துக்குப் பணம் கட்டினேன்.

அக்காவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தபால்ல கெமிஸ்ட்ரியா! எனக்குப் பூட்டையாவது காட்டினாங்க. உனக்கு அந்தப் பூட்டு போட்டோவுலதான் வரும்." போட்டோ வந்தது, பூட்டு வரவில்லை. முதல் புத்தகத்தின் அட்டையிலேயே பூட்டாத ஓர் ஆய்வகத்தின் படம், வேறு ஏதோ நாட்டினுடையது.

மத்தியான நேரத்தில் கூட்டம் இல்லாதபோது படித்தேன். அவள் ஒரு வரிகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால், "நீதானே பணம் கட்டின, நீயே படி" என்று விரட்டினாள். ஆனால் நான் புத்தகத்தை எடுத்தால் கதவைச் சாத்தி, கீழே டயர்க்காரரிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்திவிட்டு வருவாள். அந்தக் கத்தலில் எனக்குப் படித்தது மறந்துபோகும்.

போன மாதம் முதல் வருட மதிப்பெண் வந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று. தேர்ச்சி. அக்கா அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதல் வருஷத்துல நான் வாங்கினதைவிட மூணு அதிகம்" என்றாள். "இந்த லட்சணத்துல இருக்கு நாட்டோட படிப்பு."

தாளை என் கையில் திணித்துவிட்டு, தரையில் கிடந்த முடியைப் பெருக்கப் போனாள்.