ஞாயிறு காலை பத்து மணி

வாஷிங்டனில் மூன்று நாள் விடுமுறை வருகிறதென்றால் ஊரெல்லாம் துள்ளிக் குதிக்கும், வெர்லீன் பெட்டிஃபோர்டுக்கு மட்டும் இடுப்பு ஒடியும். மற்றவர்கள் எங்கே போய்ப் பொழுதைக் கழிக்கலாம் என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. நகரத்தின் வடகிழக்குப் பகுதிக்கென்று வியாழன்தோறும் ஒரு வாரப் பத்திரிகை வரும். அதன் எட்டாம் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக அவள் பட்டியல். எந்த நீச்சல்குளம் சனிக்கிழமையே திறக்கிறது, எந்தத் தேவாலயத்தில் மீன் பொரிக்கிறார்கள், எந்தப் பூங்காவில் மேளக்காரர்கள் வாசிக்கப் போகிறார்கள், அணிவகுப்புக்காக எந்தத் தெருவை அடைப்பார்கள், எல்லாம் அதில் இருக்கும். அவள் பெயர் மட்டும் இருக்காது.

வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற வெளியூர்க் கூட்டத்துக்கு அவள் எழுதவில்லை. அவர்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்ப் பேருந்தில் தொங்கி, விடுமுறை என்றால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக எழுதினாள். அவர்களை இந்த நகரம் எந்த நாளும் விருந்தாளியாக நடத்தியதில்லை. எட்டாம் பக்கம் நடத்தியது.

பட்டியல் போடுவதில் ஒரு சோம்பேறி வழி உண்டு. போன வருடத்துப் பட்டியலை எடுத்து, தேதியை மாற்றி, அப்படியே அச்சுக்கு அனுப்புவது. ஊரில் பாதிப் பத்திரிகைகள் இதைத்தான் செய்கின்றன, வெட்கமில்லாமல். வெர்லீனும் போன வருடத்துப் பட்டியலைத்தான் எடுப்பாள். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசியில் கூப்பிடுவாள். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் "ஆமா, இருக்கு" என்று சொன்ன பிறகுதான் பக்கத்தில் பென்சிலால் டிக் போடுவாள். "எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க, ஒரு மெயில் தட்டிவிடக் கூடாதா?" என்று ஆசிரியர் டாலிவர் கேட்பார். அவளைவிட இருபது வயது இளையவர். "மெயில் வாங்கறவன் படிக்காமலே சரின்னு அனுப்புவான். குரல்ல பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்பாள் அவள்.

ஊரையே வெளியே அனுப்பிய அவள் எங்கும் போனதில்லை. கணவன் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம். விடுமுறைத் திங்களன்று பால்கனியில் இரண்டு சாசேஜைச் சுட்டுத் தின்றுவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் தூங்கிப் போவாள். தங்கை நடீன் வருடா வருடம் கடற்கரைக்குக் கூப்பிட்டாள், வருடா வருடம் இவளிடம் ஒரு சாக்கு இருந்தது. இந்த வருடம் மே மாதக் கடைசியில், போரில் மாண்டவர்களின் நினைவு நாளுக்கு முந்தைய வாரம், வெர்லீன் எப்படியோ சரியென்று சொல்லிவிட்டாள். அறுபத்தொரு வயதில் புதிதாக ஒரு நீச்சலுடை கூட வாங்கினாள்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நடீன் காரோடு அலுவலக வாசலுக்கு வந்துவிட்டாள். பட்டியலில் நாற்பத்து மூன்று வரிகள். நாற்பத்திரண்டுக்கு டிக் விழுந்திருந்தது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, சின்னப் பூங்கா ஒன்றில் நடக்கும் பெயர் வாசிப்பு.

அந்தப் பூங்காவில் ஒரு கல் நிற்கிறது. அந்தப் பக்கத்துத் தெருக்களிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாத முப்பத்தொரு பேரின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கின்றன. நினைவு நாளுக்கு முந்தைய ஞாயிறு, காலை பத்து மணிக்கு, முன்னாள் படைவீரர் மன்றத்துக்காரர்கள் அங்கே கூடுவார்கள். பெயரை அவர்கள் வாசிப்பதில்லை. செத்தவனின் வீட்டார் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகு மணி அடிக்கும். வீட்டார் யாரும் வரவில்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், வெறும் மணிதான். வெர்லீனுக்குத் தெரிந்து அது ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு வருடமும் மாறியதில்லை.

மன்றத்துக்கு இரண்டு முறை போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கீழே ஹாரன் கதறியது.

"அக்கா! இப்ப வரியா, இல்ல மேல வந்து உன்னை நாற்காலியோட தூக்கிட்டு வரட்டுமா?" தெரு முழுக்கக் கேட்கும்படி நடீன் கத்தினாள். "கடலுக்குப் போற பாலத்துல வண்டி நிக்க ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் நீயும் நானும் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்!"

"வரேன்டி, கத்தித் தொலைக்காத!"

வெர்லீன் டிக் போட்டாள். பட்டியலை டாலிவர் மேசையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அந்த ஐந்து நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைப்பானேன். நண்டு உடைத்துத் தின்றாள். அலைக்குள் நின்று தங்கையின் மேல் தண்ணீரை வாரி அடித்தாள். தோளில் தோல் உரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது டாலிவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க வெர்லீன். அந்தப் பூங்கா விஷயம். பெயர் வாசிப்பு ஞாயித்துக்கிழமை நடக்கல. சனிக்கிழமையே முடிஞ்சிடுச்சு. மன்றத்துச் செயலாளர் பிப்ரவரியில செத்துட்டாராம், புதுசா வந்தவங்க நாளை மாத்தி, மன்றத்து வாசல்ல ஒரு தாள் ஒட்டியிருக்காங்க. அவ்வளவுதான்."

"ஐயோ. யாராவது போய் ஏமாந்தாங்களா?"

"ஒருத்தர் போயிருக்கார். ஹொரேஸ் கெய்தர்னு பேரு, எழுபத்தஞ்சு வயசு. கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, பஸ் ஏறி. வெயில் அன்னிக்குத் தொண்ணூத்தாறு டிகிரி. ரெண்டு மணி வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருக்கார். அப்புறம் சரிஞ்சிட்டார். நேத்து ஆஸ்பத்திரியில போயிட்டார்." டாலிவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கோட்டுப் பையில நம்ம எட்டாம் பக்கம் இருந்திருக்கு, மடிச்சு. பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணிட்டா, பட்டியல் எழுதறவங்ககிட்டதான் பேசணுமாம். இங்க பாருங்க. மன்றம் கொடுத்த தகவலைத்தான் போட்டோம், அவங்க மாத்தினதைச் சொல்லல. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீங்க போன் பண்ணிக் கேட்டீங்கதானே?"

வெர்லீன் தரையைப் பார்த்தாள். டாலிவர் ஒரு நொடி நின்றார், பிறகு தெரிந்துகொண்டார். "சரி. அது இந்த அறையோட இருக்கட்டும்" என்றார். "வியாழக்கிழமை கீழ ஒரு வரி திருத்தம் போட்டுடலாம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். பத்திரிகை இழுத்துப் பறித்து ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வழக்கு வந்தால் படுத்துவிடும். வெர்லீனுக்கும் போக வேறு இடமில்லை. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். போன வாரத்துத் தாள் அச்சுக்குப் போய்த் திரும்பி அங்கே கிடந்தது. நாற்பத்து மூன்றாவது டிக் மற்ற நாற்பத்திரண்டைப் போலவேதான் இருந்தது. பொய்யாகப் போட்டது என்று பார்க்கிறவன் எவனும் சொல்ல முடியாது. அந்தப் பெண் திட்டட்டும், சபிக்கட்டும், காது கொடுத்துக் கேட்டுவிட்டு டாலிவர் சொன்னதைச் சொல்லி வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதை நம்பவும் செய்தாள்.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. டாலிவர் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"எட்டாம் பக்கம் எழுதறது நீங்களாம்மா?" குரல் கரகரத்திருந்தது, ஆனால் கோபம் இல்லை. "என் பேரு மார்வெட்டா. ஹொரேஸ் கெய்தரோட பொண்ணு."

"நான்தான்ம்மா. கேள்விப்பட்டேன். மனசே ஆறல எனக்கு."

"உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். அம்மா போனப்புறம் அவர் வீட்டை விட்டுக் கிளம்பறதே உங்க பட்டியலைப் பார்த்துத்தான். மீன் பொரிக்கிற இடமெல்லாம் போய் ருசி பார்த்துட்டு வந்து எனக்கு மார்க் போட்டுச் சொல்வார்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பெரியப்பா லெமுவேல் பேரைச் சொல்ல எங்க வீட்டுல அவர்தான் இருந்தார். வியட்நாம்ல போனவர். எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை. கூட வரேன்னு சொன்னேன், போ போன்னு விரட்டிட்டார்."

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூங்காவுல தண்ணி ஊத்தற ஆளைப் பார்த்துப் பேசினேன். பதினோரு மணிக்கே சொல்லியிருக்கார், 'பெரியவரே, அது நேத்தே முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க'ன்னு. அப்பா கேக்கல. பேப்பரை எடுத்துக் காட்டினாராம். 'தம்பி, இந்தம்மா விசாரிக்காம எழுத மாட்டாங்க. பத்து மணின்னா பத்து மணிதான். மன்றத்துக்காரங்க லேட்டா வராங்க. நான் எழுந்து போயிட்டா எங்கண்ணன் பேரை யார் சொல்றது?'ன்னாராம். அந்த ஆள் அழுதுட்டார் என்கிட்ட சொல்லும்போது." மூக்கை உறிஞ்சினாள். "மன்றத்துக்காரங்க உங்களையும்தான் ஏமாத்தியிருக்காங்க, எனக்குப் புரியுது. சண்டைக்கு நான் போன் பண்ணல, அப்பா சார்பா நன்றி சொல்லத்தான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவரை அடக்கம் பண்றோம். அதை உங்க பட்டியல்ல ஒரு வரி போட முடியுமா? அவர் அங்கதான் இருக்க ஆசைப்படுவார்."

வாசலில் நின்ற டாலிவர் தலையை ஆட்டினார், போடலாம் என்று. அவ்வளவுதான், சரி என்றால் எல்லாம் முடிந்தது. அந்த வார்த்தை வெர்லீனின் வாய் வரைக்கும் வந்தது.

"அவங்க என்னை ஏமாத்தலம்மா" என்றாள். "நான் விசாரிக்கல. ரெண்டு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. கீழ என் தங்கச்சி ஹாரன் அடிச்சுக்கிட்டிருந்தா, கடலுக்குப் போற அவசரம். கேக்காமலே கேட்டதா டிக் போட்டுட்டேன். உங்கப்பா என்னை நம்பி உக்காந்திருந்தப்போ நான் தண்ணியில நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

டாலிவர் சுவரில் சாய்ந்தார்.

"இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" என்றாள் மார்வெட்டா. "ரெண்டு நாளா என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அப்பா முட்டாள்தனமா உக்காந்திருக்கல, சரியான ஆளைத்தான் நம்பினார், விதி அப்படிங்கிறது. அதையும் பிடுங்கிட்டீங்களே. உங்க மனசு லேசாகணும்னா வேற எங்கயாவது போய்ச் சொல்லியிருக்கலாம்ல?"

உண்மையைச் சொன்னால் ஏதோ ஒன்று சரியாகும் என்று வெர்லீன் நினைத்திருந்தாள். எதுவும் சரியாகவில்லை.

"சனிக்கிழமை பதினோரு மணி" என்றாள் மார்வெட்டா கடைசியில். தேவாலயத்தின் பெயரையும் தெருவையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், வெர்லீன் எழுதிக்கொண்டாள். "போடுங்க. அவருக்காகப் போடுங்க. ஊர்ல யார் வேணா வரட்டும். நீங்க வராதீங்க."

"சரிம்மா" என்றாள் வெர்லீன். இணைப்பு அறுந்தது.

டாலிவர் உள்ளே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "வழக்குப் போடப் போறாளாமா? எதுக்குத்தான் கூப்பிட்டா?"

"நன்றி சொல்லக் கூப்பிட்டா" என்றாள் வெர்லீன்.