காதுல ஐஸ் தண்ணி பீச்சின உத்தியோகம்

எல்லாரும் உக்காருங்க. ஏ, பின்னால என்ன பேச்சு, நிப்பாட்டுங்க. தலை சுத்திச் செவரைப் பிடிச்சவங்க, ஆஸ்பத்திரி பெஞ்சுல காத்துக் கெடந்து முதுகு ஒடிஞ்சவங்க, எல்லாரும் நம்ம கூட்டம்தான், முன்னால வாங்க. சோத்துக்காக மனுசன் என்னென்னவோ வேலை பாக்கான். நான் மத்தவங்க காதுல ஐஸ் தண்ணி பீச்சிட்டு, அவங்க வாந்தி எடுக்கதுக்குப் பாத்திரமும் பிடிச்சேன்.

திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில காது டாக்டருக்கு நான் அட்டண்டர். அவரு சீமையில படிச்சிட்டு வந்த மலையாளத்து மனுசன். காதுலேருந்து மூளைக்குப் போற நரம்புல சிலருக்குக் கட்டி வளருமாம். தலையை வெட்டாம அதைக் கண்டுபிடிக்கணும்னா ஆளைத் தலைசுத்த வைக்கணும். நாற்காலியில உக்கார வச்சுச் சுத்தணும், இல்லேன்னா காதுல ஐஸ் தண்ணி விடணும். நல்ல காதுன்னா கண்ணுமணி ரெண்டும் ஊஞ்சல் மாதிரி ஓடும், கொடலைப் பெரட்டும். செத்த காதுன்னா சும்மா இருக்கும். டாக்டர் கண்ணைப் பாப்பாரு. சுத்துறதும் பீச்சுறதும் நான்.

சுத்து நாற்காலி

கிழக்கேகோட்டையிலேருந்து ஒரு சமையல்கார ஐயர் வந்தாரு. ஆளு நல்ல கனம். நாற்காலி கீச்சு கீச்சுன்னு அழுதது. பத்துச் சுத்துச் சுத்தி டக்குனு நிப்பாட்டினேன். ஐயரு ரெண்டு கையாலயும் டாக்டர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு, விட மாட்டேங்காரு. "இறங்கும் ஓய், நாற்காலி நின்னாச்சு"ன்னு ஐயரு குரல்லயே சொன்னேன். சிஸ்டர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. ஐயரு கண்ணை மூடிக்கிட்டே சொன்னாரு: "முப்பது வருஷமா சுவாமியை நான் பிரதட்சிணம் பண்ணிண்டிருந்தேன். இன்னிக்கு அவர் என்னைப் பண்றார்."

விழிஞ்ஞத்து ஆள்

வலை வீசுற மனுசன், கறுத்துப் பாறை மாதிரி இருப்பாரு. ஐஸ் தண்ணியைக் காட்டினதும் சிரிச்சாரு. "இருபது வருஷம் கட்டுமரத்துல நிண்ணு கடல் பாத்தவனாக்கும். இதென்ன செய்யும்?" ஒரு பீச்சுதான் பீச்சினேன். கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, காலையில தின்ன கிழங்கு மொத்தமும் என் மேல. கழுவித் தொடச்சு முடிச்சப்புறம் மெள்ள ஒத்தக் கண்ணைத் தொறந்து கேட்டாரு: "சாரே, கடலுக்கு ஒரு கரை உண்டு. இதுக்குக் கரை எவிடே?"

அஞ்சல் பிள்ளை நடை

இனி சொல்லப் போறதுக்கு நீங்க சிரிக்க வேண்டாம். சிரிச்ச வரைக்கும் போதும்.

கரமனையில குடியிருந்த சிவதாணு அண்ணாச்சி, நாஞ்சில் நாட்டுக்காரரு. அஞ்சல் ஆபீஸ்ல வீடு வீடாக் கடுதாசி குடுக்க வேலை. எடது காது கேக்காது, நடந்தா தள்ளாடும். வாழ்க்கையில கள்ளைக் கையால தொடாத மனுசனை, தெருவுல நடந்தா "அஞ்சல் பிள்ளை காலையிலேயே ஏத்திட்டாரு"ன்னுவாங்க. மேலதிகாரிக்குப் புகார் போயி, வேலை தொங்குது. குடியில்ல, வியாதிதான்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும், வியாதிக்கு மருந்தும் பாக்கணும், அதுக்காக வந்திருந்தாரு. கூட அவரு சம்சாரம். குடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வாயே தொறக்க மாட்டா.

எனக்கு நாக்கும் காலும் சும்மா கெடக்காதே. அவரு உள்ள போன நேரம், பெஞ்சுல இருந்தவங்க முன்னால அவரு நடையை நடந்து காட்டினேன். தோள்ல பை, கையில கடுதாசி, கால் ரெண்டும் ஆளுக்கொரு தெசை. எல்லாரும் சிரியோ சிரின்னு சிரிச்சாங்க. திரும்பிப் பாத்தா வாசல்ல அண்ணாச்சி நிக்காரு. கோவமே இல்ல மொகத்துல. "நல்லாத்தான் பண்ணுதே டே. ஆனா நான் சாயது எடது பக்கம்."

ரெண்டாவது காது

அன்னைக்கு அவருக்குத் தண்ணிப் பரிசோதனை. மொதல்ல எடது காது. ஐஸ் தண்ணி பீச்சினேன். கண்ணு அசையல்லை, மனுசன் கம்முன்னு கெடந்தாரு. அடுத்தது நல்ல காது. இதுலதான் உயிர் போகும்னு எனக்குத் தெரியும். அவரு நடையை நடந்து காட்டின வெக்கம் வேற மனசைக் குத்துது. இன்னொண்ணும் சொல்லிருதேன், மறைச்சு என்ன ஆகப் போவுது. அன்னைக்கு மூணு பேரு வாந்தியை ஏற்கனவே அள்ளியிருந்தேன்.

டாக்டர் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாரு. ஐஸ் கிண்ணியை ஓரமா வச்சேன். ஊசி வேக வைக்க வச்சிருந்த வெந்நீரைக் கொஞ்சம் பச்சைத் தண்ணியில கலந்து, முழங்கையை முக்கிப் பாத்தேன். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுற பதம். எந்தத் தண்ணின்னா என்ன, தண்ணி தண்ணிதானே, ஐஸு வெறும் கொடுமைக்குத்தான்னு நெனைச்சேன். படிப்பில்லாதவன் புத்தி. பீச்சினேன். கண்ணு ஓடல்லை.

டாக்டர் ரெண்டு மூணு தடவை குனிஞ்சு பாத்தாரு. "ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தா கட்டி. இது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல. காய்ச்சலுக்குத் தின்ன கொயினா மருந்து செஞ்ச வேலையாக்கும்"னு சொல்லி டானிக் எழுதினாரு. வியாதிதான்னு கடுதாசியும் குடுத்தாரு. கட்டி இல்லேன்னு நானும் சந்தோசப்பட்டேன், கேட்டுக்கிடுங்க. போறப்ப அண்ணாச்சி என் தோளைத் தட்டிச் சொன்னாரு: "ரெண்டாவது விட்ட தண்ணி சொகமா இருந்தது டே. நீ நல்லா இருப்பே."

திரும்பி வந்தாரு

ஒரு வருசம் இருக்கும். சம்சாரம் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. ஓயாத தலைவலி, கண்ணு மங்கல், சோத்து உருண்டையை வாய்க்குக் கொண்டு போக முடியல்லை. டாக்டர் மொகம் மாறிட்டுது. "திரும்பப் பாக்கணும்"னாரு. இந்தத் தடவை என் பக்கத்துல அவரே நின்னதால ஐஸ் தண்ணிதான். எடது காதுக்கு ஒண்ணுமில்லை. வலது காதுல பீச்சினதும் கண்ணு ஓடின ஓட்டம்! அண்ணாச்சி கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தாரு.

"இந்தக் காது உயிரோட இருக்கு. அன்னு ஏன் ஓடல்லை?"ன்னு டாக்டர் தனக்குத்தானே கேட்டாரு. பொறவு சிஸ்டர் கிட்ட சொல்லுதாரு, "தண்ணி உடம்புச் சூட்டுல இருந்தா மட்டும்தான் நல்ல காதும் மிண்டாம, செத்த காது மாதிரி இருக்கும்." பாத்திரத்தைக் கீழ வச்சிட்டுச் சொல்லிட்டேன். முழங்கை முக்கினது வரை எல்லாம் சொல்லிட்டேன்.

அடிப்பாரு, வேலையை விட்டு எடுப்பாருன்னு நின்னேன். அடிச்சிருந்தா ஆறியிருக்கும். அவரு கண்ணாடியைக் கழத்தித் தொடச்சாரு, ரொம்ப நேரம் தொடச்சாரு. "எடோ, அன்னு அந்தக் கட்டி ஒரு நெல்லிக்காய் அளவு இருந்திருக்கும். இப்போ எத்தற பெருசுன்னு எனக்கு அறியில்லா."

கரமனை வீடு

மெட்ராசுல தலையைத் தொறந்து எடுத்தாங்க. உயிர் தங்கிட்டுது. ஆனா எடது மொகம் தொங்கிப் போச்சு, எடது கண்ணு மூடாது. கம்பு இல்லாம நடக்க முடியாது. கடுதாசிப் பை வேற ஆளுக்குப் போயிட்டுது. இதெல்லாம் கேள்விப்பட்டும் அந்தத் தெருப்பக்கம் போக எனக்கு நாலு மாசம் ஆச்சு. ஆளைச் சிரிக்க வைக்கது என் தொழில்னு நெனைச்சுக்கிட்டிருந்தவனுக்கு, தண்ணியைக் குளிரா வைக்கது மட்டும்தான் தொழில்னு அந்த நாலு மாசத்துலதான் வெளங்கிச்சு.

அண்ணாச்சி பாய்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. சம்சாரம் பக்கத்துல இருந்து, ஈரத்துணியால அவரு கண்ணை ஒத்தி எடுத்துக்கிட்டிருந்தா. நான் என்ன செய்ய, எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன். டாக்டர் மாதிரி பேசினேன், நாற்காலி மாதிரி கீச்சிட்டேன். அண்ணாச்சி பாதி வாயால சிரிச்சாரு. அந்தப் பாதிச் சிரிப்பைப் பாத்ததும் கால்ல விழுந்து, வெந்நீர் கதையைச் சொல்லி, "நீங்க வாந்தி எடுத்துத் துடிக்கதைப் பாக்க மனசு வரல்லை அண்ணாச்சி, இரக்கத்துலதான் செஞ்சேன்"னு அழுதேன்.

"விடு டே. நல்லது நெனைச்சுத்தானே செஞ்சே"ன்னு அண்ணாச்சி என் தலையைத் தடவினாரு.

அவ துணியைக் கிண்ணியில பிழிஞ்சா. என்னைப் பாக்கக்கூட இல்ல. அத்தனை நாள்ல அன்னைக்குத்தான் அவ குரலைக் கேட்டேன்.

"இவ்வோ வாந்தி எடுத்தா நான் அள்ளியிருப்பேம்லா?"