ஒன் டூ அண்ணனின் வலக் கை

மைக்கை அவர் ஊதிப் பார்ப்பதில்லை. "எச்சில் பட்டா அது கோவிச்சுக்கும்," என்பார். விரலால் இரண்டு தட்டு, பிறகு, "ஒன் டூ த்ரீ... அக்காமாரெல்லாம் கொஞ்சம் நகந்து உக்காருங்க." மைக் செட் வாடகைக்கு விடுபவர். எல்லோருக்கும் அவர் ஒன் டூ அண்ணன்.

தனிநாடு கேட்கும் கட்சிக்கும் அவர்தான், கூடவே கூடாது என்கிற கட்சிக்கும் அவர்தான். யார் பேசும்போதும் ஒயரைப் பிடுங்கியதில்லை. "பேச்சு அவங்களது, சத்தம் நம்மளது. சத்தத்துல துரோகம் பண்ணக்கூடாது." ஆனாலும் அவர் எந்தப் பக்கம் என்பது ஊரறிந்த ரகசியம்.

எங்கள் இளவயதுக் கூட்டங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. தெருமுனையில் ஒரு மேசை, ஒரு பல்பு. கேட்க வந்தவர்களைவிடக் கண்காணிக்க வந்த போலீஸ் அதிகம். முடிவில், "விடுதலை வேண்டுவோர் கை உயர்த்துங்கள்!" என்பார் பேச்சாளர். முதலில் எழுவது அண்ணனின் வலக் கை. இடக் கை மட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் குமிழை விடாது. "ஒண்ணு நாட்டுக்கு, ஒண்ணு தொழிலுக்கு," என்று சிரிப்பார். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் துணிச்சல் வரும்.

இப்போது வாக்கெடுப்பே வந்துவிட்டது. அதே போலீஸ் எங்கள் தலைவருக்குச் சல்யூட் அடிக்கிறது. அண்ணனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஒரே மகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பிரிந்தால் அக்கரை வேறு நாடு. ஞாயிறு தவறாமல் பாலத்தில் சைக்கிள் மிதித்துப்போய்ப் பேரனைக் கொஞ்சிவிட்டு வருகிற மனிதர். மகள் போனில் கேட்டாளாம்: "ஏம்ப்பா, இனிமே என்னைப் பாக்க வர பாஸ்போர்ட் எடுப்பியா?"

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"லைன் சரியில்லம்மா, ஒண்ணும் கேக்கலன்னு வச்சுட்டேன்."

ஊருக்கே சத்தம் கொடுத்தவர் சொல்கிற பதிலா இது!

போன வாரம் கடைசிக் கூட்டம். மைதானம் கொள்ளாத ஜனம். "விடுதலை வேண்டுவோர் கை உயர்த்துங்கள்!" தலைவரின் குரல் அண்ணனின் குழாய்களில் பிசிறில்லாமல் முழங்கியது. எங்கு பார்த்தாலும் கைகள். என் கையும் எழுந்தது. பழைய வழக்கத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இடக் கை குமிழில் இருந்தது. வலக் கை தோள்வரை உயர்ந்தது. அங்கே கிடந்த துண்டை உருவி, தூசியே இல்லாத பெட்டியைத் துடைக்கத் தொடங்கியது.