கோட்டை வாசலில் உம்மாவின் பெயர்

நேற்றுக் கொழும்பில், கார் நிறுத்தும் நிலவறையில் என் பேத்தி "கூ" என்று கத்தினாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பியதும் எனக்குத் திருகோணமலைக் கோட்டை வாசல் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்து நான்கு மாதம். அதற்குப் பிறகு வாப்பா யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. பெருநாளுக்குத் துணி எடுக்கக் கிண்ணியாவிலிருந்து என்னைக் கூட்டி வந்திருந்தார். கடை திறக்க நேரமிருந்ததால் கோட்டை பார்க்கப் போனோம். வாசலின் மேலே கல்லில் வெள்ளைக்காரரின் சின்னம் செதுக்கியிருந்தது. உள்ளே குளிர்ந்த தடித்த சுவர்கள். கடல் உப்போடு அங்கே திரியும் மான்களின் புழுக்கையும் மணத்தது.

நான் "கூ" என்றேன். சுவரும் "கூ" என்றது. வாப்பா ஏசுவார் என்று பயந்தேன். அவரோ சுவரில் கையை வைத்து, "சபியா" என்று கூப்பிட்டார்.

"உம்மாவையா கூப்பிட்டீங்க வாப்பா?"

"ஓம் மகள். இருக்கக்குள்ள ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடல்ல. 'இஞ்ச புள்ள' எண்டுதான்."

"இன்னொருக்காக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். அவரோடு சேர்ந்து நானும் "உம்மா" என்று கத்தினேன்.

கிண்ணியாவுக்குத் திரும்பும்போது படகில் வாப்பா வாய் ஓயாமல் உம்மாவைப் பற்றியே கதைத்தார். உம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.