ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சும் ஷாஜாதி அக்கா

நான் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய புதன்கிழமை, ஷாஜாதி அக்கா நோன்பு வைத்துக்கொண்டு ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், நோன்பு திறக்க அவர் வீட்டில் செய்யும் அதே கடற்பாசி. எங்கள் ஆய்வகத்துப் பழ ஈக்களின் சாப்பாடு அது. முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பத்தொன்பது வருடமாகக் காய்ச்சுகிறார். உப்புப் பார்க்க வேண்டாத சமையல் என்பதால் நோன்பு மாதத்துக்கு இதுதான் தோது என்பார்.

என் வேலை அதைவிடக் கௌரவமானது. ஈயின் புழுவுக்குள் பின்னாளில் இறக்கையாகப்போகும் சிறு திசு ஒன்று உண்டு. அதைச் சிதைப்பேன். அது மறுபடி வளரத் தொடங்கினால் ஒரு புரதம் தலைகாட்டும்; சாயம் ஏற்றினால் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால் எனக்குப் பிஎச்.டி. பதினோரு முறை பார்த்தேன், இருட்டு. சிதைத்த அன்று மாலையே அறுத்துப் பார்த்துவிடுவேன். மறுநாள்வரை பொறுக்க எனக்கு வராது.

கடைசியாக, பதினாறு கண்ணாடிக் குழாய்களில் இருந்த புழுக்களை அறுக்காமல் விட்டேன். பொறுமையால் அல்ல, விசா வந்துவிட்டதால். கூட்டுப்புழு ஆகும் நேரத்தில் புழுக்கள் குழாய்ச் சுவரில் ஏறும். சிதைக்காத புழுக்கள் திங்களன்றே ஏறிவிட்டன. என்னுடையவை கஞ்சியிலேயே கிடந்தன.

"அக்கா, இதெல்லாம் வேஸ்ட். சோப்புத் தண்ணில ஊத்திடுங்க."

"நெளியுதே சித்ரா."

"திங்கக்கிழமையே ஏறியிருக்கணும்."

"அடிபட்டது மெதுவாத்தான் ஏறும். நீ அஞ்சு வருஷப் படிப்ப ஏழு வருஷமா படிக்கல?"

"ஆட்டோ நிக்குதுக்கா."

"அதுவாச்சும் நிக்குதே."

இரண்டரை வருடம் சுற்றினேன். போர்ச்சுகலில் விடுதிப் படுக்கைகளை விரித்தேன், ஜார்ஜியாவில் திராட்சை பறித்தேன். கேட்டவர்களிடமெல்லாம் விஞ்ஞானி என்றேன். போன் எண்ணை யாருக்கும் சொல்லாமல் மாற்றினேன், தேடித் தவிக்கட்டும் என்று. யாரும் தவித்ததாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய வாரம், பெரிய மார்க்கெட்டில் கலைவாணியிடம் மாட்டிக்கொண்டேன். ஆய்வகத்தில் எனக்கு அடுத்து வந்தவள், இப்போது என் மேசையில் இருப்பவள். புது எண்ணை வாங்கிக்கொண்டு, "அக்காவே சொல்லட்டும்" என்று போய்விட்டாள்.

மாலையில் ஒரு படம் வந்தது: ஒரு ஈ, இரண்டு முழு இறக்கைகள். பின்னாலேயே அக்காவின் குரல்.

"உன் ட்யூப்ப நான் ஊத்தல சித்ரா. நீ போன மறுநாளே பாதி ஏறிச்சு, வெள்ளிக்கிழம மீதியும் ஏறிடுச்சு. றெக்க முழுசா மொளச்சிருக்கு பாரு. அப்பவே சொல்லலாம்னா உன் நம்பர் போவல. அதப் பாத்துட்டு கலைவாணி புதுசா சிதைச்சு, ஒரு நாள் பொறுத்து அறுத்துப் பாத்துச்சு, பச்சப்பசேல்னு எரியுதாம். கட்டுரையில உன் பேரையும் போடுதாம், ரெண்டாவதா. சரி, கஞ்சி அடி புடிக்குது, வெச்சிடறேன்."